ஷாஜீரா என்று எழுதியிருந்த பாட்டில்

நசீமா,

உன் பெயரை எழுதி நிமிர்வதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. உன் அம்மா அதை எடுத்துப் போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போன்ல சொன்னா ரெண்டு நிமிஷம். இதுக்கு இன்னாத்துக்குங்க இவ்ளோ பாடு?" என்று கேட்கிறாள். போனில் எனக்குப் பதில் வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும். பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை நீ, "ஏன் அத்தா அப்பவே சொல்லல?" என்று கேட்டாய். நான் போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நீ, "சரி, லேபுக்கு ஓடறேன்" என்று வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். அறுபத்தேழு வயதில் நான் எழுதுகிற முதல் கடிதம். எழுத்து பெரிசு பெரிசாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

இதில் ஒரு போட்டியும் வைத்திருக்கிறேன். உன் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற சார் உனக்கு ஆறு வாரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் நீ அந்த மருந்தை முதலில் இருந்து மறுபடி செய்து, அது கிருமியைக் கொல்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நான்கு வருஷ ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு வேறு எதையாவது எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அப்படி ஆனால் படிப்பையே விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று நீ அம்மாவிடம் அழுதது எனக்குத் தெரியும். அந்த மருந்துக்குப் பதினொரு படி என்றாய். நான் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதுகிற ஆள். நீ பதினொன்றாவது படி ஏறுவதற்குள் நான் இந்தக் கடிதத்தை முடிக்கிறேனா, பார்ப்போம். இன்றைக்கு நீ முதல் படியில் நிற்கிறாய். நானும் அப்படித்தான்.

போன பக்ரீத் பெருநாளில் இருந்து ஆரம்பிக்கிறேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ பெங்களூரில் இருந்து கைப்பையில் இரண்டு சின்னப் பாட்டில்களைக் கொண்டுவந்திருந்தாய். ஒவ்வொன்றும் ஒரு விரல் உயரம்தான் இருக்கும். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் நீயே தமிழில் எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தாய். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. அம்மாதான் படித்துச் சொன்னாள், ஒன்று புதினா, ஒன்று ஷாஜீரா என்று. நீ உன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாய். "அஞ்சு விரல் இதுலயும் இருக்கு, அதுலயும் இருக்கு. ஒண்ணக் கண்ணாடில காட்டினா இன்னொண்ணு மாதிரியே தெரியும். ஆனா ஒண்ணு மேல ஒண்ண அப்படியே வெச்சுப் பாருங்க, கட்டைவிரல் மாறிப் போயிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்லயும் இதே மாதிரி இடக்கை, வலக்கை உண்டு" என்றாய். தேரடி வீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிற உன் மாமா சும்மா இருப்பாரா? "இதுக்கா பெங்களூர் வரைக்கும் போன? என் கடைக்கு வந்திருந்தா ஒரு ஜோடி செருப்புல சொல்லிக் குடுத்திருப்பனே" என்றார். நீ விடவில்லை. "செருப்பு கால் மாறிப் போச்சுன்னா நொண்டிக்கினாவது வீட்டுக்கு வந்துடலாம் மாமா. மருந்து கை மாறிப் போச்சுன்னா வியாதி அப்படியே நிக்கும். செல மருந்துல வேற வம்பும் வரும்" என்றாய். நான் சளிக்குப் போடுகிற மாத்திரையையே எடுத்துக் காட்டினாய். முன்பெல்லாம் இரண்டு கையும் கலந்து வந்ததாம். இப்போது வேலை செய்கிற கை மட்டும் தனியாக வருவதால் பாதி அளவே போதுமாம். எனக்கு அன்றைக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பது வருஷம் கல்யாணப் பிரியாணிப் பாத்திரத்தில் எதை எதையோ போட்டுக் கிளறியிருக்கிறேன். உள்ளே இப்படிக் கைகள் இருக்கின்றன என்று யார் கண்டார்கள்!

அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரணமாக லேபில் ஒரு பொருளைச் செய்தால் பாதி இடக்கையும் பாதி வலக்கையுமாக வந்து நிற்கும், அதைப் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும் என்றாய். ஆனால் செடிகள் அப்படிச் செய்வதில்லை, எது வேண்டுமோ அந்தக் கையை மட்டும் செய்கின்றன. அதனால் செடி செய்து வைத்த ஒரு கையை வாங்கி, அதில் இருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் அந்தக் கை மாறாமல் காப்பாற்றிக்கொண்டு போய்க் கடைசியில் மருந்தாக்குவதுதான் உன் வேலை என்றாய். நீ ஆரம்பிக்கிற பொருளின் பெயர் கார்வோன். இந்தப் பெயரை எழுத நான் நான்கு முறை அழித்தேன். அதன் ஒரு கை புதினா மாதிரி மணக்கும், மறு கை நம் கடையில் ஷாஜீரா என்று தருகிறார்களே, அந்த விதை மாதிரி மணக்கும். பொருள் ஒன்றுதான், கைதான் வேறு. "நம்ம மூக்குக்குள்ளயும் கை இருக்கு அத்தா. அதான் வித்தியாசம் கண்டுபுடிக்குது" என்றாய். உனக்கு வேண்டியது ஷாஜீராக் கை.

பாட்டிலை ஒவ்வொருவரும் மோந்து பார்த்தார்கள். மாமி, "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது" என்றாள். "உனக்கு ஜலதோஷம் ஜாஸ்தி, தள்ளு" என்று மாமா பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஆமா ஆமா, வேற வேற" என்று பெரிசாகத் தலையாட்டினார். நீ அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். "அத்தா சொல்லட்டும். அத்தா மூக்கு தப்பா சொல்லாது" என்று என் கையில் கொடுத்தாய். நான் முதல் பாட்டிலை மோந்தேன், புதினா. இரண்டாவதை மோந்தேன், அதுவும் புதினா. சந்தேகமே இல்லை, நசீமா. ஆயிரம் கட்டுப் புதினா ஆய்ந்த கை இது. ஷாஜீராவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை விதையில் சொல்வேன். ஆனால் நான் வாயைத் திறந்து, "ஆமாம்மா. இது ஷாஜீராதான்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. பாட்டில்களை அலமாரியில் வைத்துவிட்டு நீ பெங்களூருக்குப் போய், அதே பொருளில் இருந்து பத்து மாதம் வேலை செய்தாய். பதினொரு படியும் ஏறினாய். கிருமி சாகவில்லை. மறுபடியும் செய்தாய், மறுபடியும் சாகவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நேற்று முழுக்க இந்த இடத்திலேயே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பொய் சொன்னதற்குக் காரணம் அந்தச் சீட்டு. எழுத்து தெரியாதவனுக்கு எழுத்தின் மேல் எவ்வளவு பயம் என்பது உனக்குப் புரியாது, நீ நான்கு வயதிலேயே எழுதக் கற்றுக்கொண்டவள். எழுதியிருக்கிறது என்று யாராவது சொன்னால் என் வாய் அடைத்துவிடும். நீ ஏழாவது படிக்கும்போது போளூரில் ஒரு கல்யாணம். அரிசி மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளியதுமே தெரிந்தது, புது அரிசி. பிரியாணிக்குப் போட்டால் குழைந்துவிடும். "இது புதுசுங்க" என்றேன். அரிசி கொண்டுவந்த கடைக்காரர் மூட்டையைத் திருப்பி, "தோ பார் பாய், ஒரு வருஷம் பழசுன்னு அச்சடிச்சிருக்குது. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றார். என் விரல் புதுசு என்கிறது, மூட்டை பழசு என்கிறது. நான் மூட்டையை நம்பினேன். அன்றைக்கு மூன்று தேக்சாப் பாத்திரமும் கூழ். பெண்ணின் தகப்பனார் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கைக்கு வயசாகிவிட்டது, தப்பாகச் சொல்லிவிட்டது என்றுதான் நினைத்தேன். அச்சில் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பெருநாளன்றும் அதே கதைதான். அதுவும் எழுதியது யார்? என் மகள். என் குடும்பத்திலேயே இவ்வளவு படித்த முதல் ஆள். அவள் எழுதி ஒட்டியதை இந்தச் சமையல்காரன் மூக்கு எப்படித் தப்பு என்று சொல்லும்? மூக்குதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூக்கு கெட்ட பிரியாணி மாஸ்டர் என்று மாமா நாளைக்கே தேரடி முழுக்கச் சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அந்தப் பொய் வந்தது.

எழுத்து பற்றிய என் பயம் தெளிந்தது கலா டீச்சரால். நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஐந்து மாதம் ஆனதும் ஒருநாள் டீச்சர், "இன்னிக்கு நான் சொல்ல மாட்டேன். உங்க மனசுல இருந்து ஒரு வரி எழுதுங்க" என்றார். நான் வேடிக்கைக்காகப் போர்டில் போய், 'என் பிரியாணி நன்றாக இருக்காது' என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். பூக்கடை சரோஜா, "பாய், போன மாசம் எங்கூட்டுக் கல்யாணத்துல எலும்பு வரைக்கும் நக்கிட்டுப் போனாங்களே!" என்று கத்தினாள். டீச்சரும் சிரித்துக்கொண்டே வந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'சரி' என்று பெரிதாக டிக் போட்டார். நான் திகைத்துவிட்டேன். "டீச்சர், இது பொய்யாச்சே! இதுக்கு எப்படி சரி போட்டீங்க?" என்றேன். "எழுதினது சரியா இருக்குதுங்க. எழுதின விஷயம் சரியான்னு நான் எப்படிச் சொல்வேன்? அத சாப்பிட்டவங்கதான் சொல்லணும்" என்றார். நான் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சைப் பொய், ஆனால் எவ்வளவு அமைதியாக, எவ்வளவு அழகாக அங்கே உட்கார்ந்திருந்தது! எழுத்து பொய் சொல்லும். அறுபத்தேழு வயது வரைக்கும் எனக்கு இது தெரியாது. எழுதத் தெரிந்த பிறகுதான் தெரிந்தது.

வகுப்பு முடியும் வரைக்கும் கூட நான் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்து அந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்தேன். முதல் முறையாக அந்தச் சீட்டுகளை நானே படித்தேன். பு-தி-னா. ஷா-ஜீ-ரா. மூடியைத் திறந்து மோந்தேன். சமையலறையில் இருந்து நிஜ ஷாஜீராவை ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கிப் பக்கத்தில் வைத்து மோந்தேன். மூக்குக்கு ஒரு கேடும் இல்லை! "அடியே, இங்க வா!" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் மோந்துவிட்டு, "ரெண்டும் புதினாதான். அன்னிக்கே எனக்கும் தோணுச்சு, நீங்களே ஷாஜீரான்னதும் வாய மூடிக்கினேன்" என்றாள். என் பொய்யை நம்பி அவளும் ஒரு பொய். உடனே உனக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாய். அப்புறம் மெதுவாக, "எனக்கு வாசனை தெரியாது அத்தா. ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அப்ப போனது. திரும்பி வரவே இல்ல. அதனாலதான் அன்னிக்கு உங்கள மோந்து பாக்கச் சொன்னேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

நசீமா, அந்தப் பெருநாளில் அடுப்படியில் வெங்காயம் கருகியபோது நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். போனைப் பார்த்துக்கொண்டு கவனிக்கவில்லை என்று அம்மா உன்னைத் திட்டினாள். என் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு "சூப்பர் அத்தா" என்றாய். ஒன்றும் தெரியாமலேயே சொல்லியிருக்கிறாய். சமையல்காரன் மகளுக்கு மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று மறைத்தாய். உன் மூக்காக என்னை நினைத்துப் பாட்டிலை நீட்டினாய், நான் பொய்யைச் சொன்னேன். தப்பு என் பேரில்தான், என்னை மன்னித்துவிடு. இந்த வரியை நேராக எழுதத்தான் போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு வந்தேன்.

சரி, இனி சந்தோஷத்துக்கு வருகிறேன், எனக்கு அது ஜாஸ்தியாக இருக்கிறது. நான் போன் போட்டதற்கு மறுநாள் மதியம் நீ லேபில் இருந்து கூப்பிட்டாயே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு மிஷினில் பொருளை ஊற்றி வெளிச்சத்தை விட்டால், ஒரு கை வெளிச்சத்தை வலமாகத் திருப்பும், மறு கை இடமாகத் திருப்பும் என்று சொல்லியிருந்தாய். ஷாஜீராக் கை என்றால் மலை சுற்றுகிறவர்கள் போகிற திசையில் திருப்ப வேண்டும். "எதிர்ல போவுது அத்தா! பௌர்ணமில நீங்க போலீஸ்காரர்கிட்ட மாட்டினீங்களே, அதே மாதிரி எதிர்ல போவுது!" என்று கத்தினாய். நீ சின்னப் பிள்ளையாக வண்டியில் உட்கார்ந்திருந்தாய், உனக்கு அது ஞாபகம் இருக்கிறது! அடி அண்ணாமலையில் சமையல் முடித்து, பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு, நாளைப் பார்க்காமல் கிளம்பி, ஊரே வலமாக நடக்கிற பாதையில் எதிரே வந்து மாட்டினோம். "இன்னா பாய், லட்சம் பேரு ஒரு பக்கம் போறான், நீ மட்டும் எதிர்ல வர்ற" என்று அந்தப் போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பாட்டிலும் அப்படித்தான் மாட்டியது. பெரிய டின்னில் இருந்து லேப் பாட்டில்களுக்கும் இந்தச் சின்னப் பாட்டில்களுக்கும் ஊற்றியது, காய்ச்சல் முடிந்து வந்த வாரம் நீயேதான் என்றாய். எல்லாவற்றையும் புதினா டின்னில் இருந்தே ஊற்றிவிட்டாய். ஷாஜீரா டின் சீல் உடைக்காமல் ஃபிரிட்ஜின் பின்பக்கம் கிடந்தது. அது அடுத்த வருஷத்துக்கு வாங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். மூக்கு இருந்திருந்தால் ஊற்றும்போதே தெரிந்திருக்கும். மற்ற மிஷின்கள் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டு வந்தனவாம், கண்ணாடியில் பார்க்கிற பொருளுக்கும் நிஜப் பொருளுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாதாம்.

இதை நான் இரண்டு நாள் யோசித்தேன், யோசிக்க யோசிக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்படியென்றால் நீ செய்த வேலையில் ஒரு படி கூடத் தப்பவில்லையே! தப்பான கையைக் கொடுத்தோம், பதினொரு படி ஏறிய பிறகும் அதே தப்பான கை சிந்தாமல் சிதறாமல் மேலே வந்து நின்றிருக்கிறது. வழி சரியாக இருந்ததால்தானே அப்படி வந்தது? இதைப் போனில் சொன்னபோது நீ, "அத்தா, இத எங்க சார்கூட இவ்ளோ சீக்கிரம் புரிஞ்சிக்க மாட்டார்" என்று சிரித்தாய். பல நாள் கழித்துச் சிரித்தாய்.

இன்றைக்கு நீ நான்காவது படி. இந்தப் படியில் ஒரு புதுத் துண்டு வந்து ஒட்ட வேண்டும், மேல் பக்கமாக மட்டும் ஒட்ட வேண்டும் என்றாய். கீழே ஒரு வால் நீட்டிக்கொண்டு வழியை அடைத்திருப்பதால் வருவது மேல் பக்கமாகத்தான் வந்து உட்கார முடியுமாம். கல்யாண மஹாலில் சுவரோரம் போட்ட பந்தி மாதிரிதான். சுவர்ப் பக்கம் இருந்து யாரும் பரிமாற முடியாது. அதுவும் ஐஸை விடப் பயங்கரமான குளிரில் வைத்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சூட்டில் அவசரப்பட்டால் கண்ட பக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்றாய். நான் தம் போடும்போது தணலைக் குறைத்துவிட்டு யாரையும் மூடியைத் தொட விடமாட்டேன் அல்லவா? எனக்கு இது புரியாதா! வகுப்பில் இதை நான் விளக்கிச் சொன்னேன். சரோஜா, "பாய் பொண்ணு குளிர்ல சமைக்குது, பாய் நெருப்புல சமைக்குறாரு" என்றாள்.

ஏழாவது படி. இந்தப் படியில் உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும், சொல்கிற தகுதி எனக்குக் கம்மிதான். உன் சாரிடம் நீ இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்று நேற்றுச் சொன்னாய். "இன்னொரு தடவ செஞ்சு பாக்கறேன்னு மட்டும் சொன்னேன் அத்தா. மாத்தி ஊத்தினது நான்தான்னு சொன்னா? வாசனை தெரியாதவள லேப்ல எதுக்கு வெச்சிருக்கணும்னு கேட்டா?" என்றாய். கேட்கலாம். போளூரில் அந்தத் தகப்பனாரிடம், "எனக்கு அப்பவே புதுசுன்னு தெரிஞ்சுதுங்க" என்று நான் சொல்லியிருந்தால் அவரும் என்னை அடித்திருக்கலாம். ஆனால் சொல்லாததால் நான் அதே தப்பைப் பதினைந்து வருஷம் கழித்து என் மகளுக்கும் செய்தேன். இன்றைக்கே போய்ச் சொல். மறைத்துக்கொண்டு எட்டாவது படி ஏறாதே.

நீ சொல்லிவிட்டாய்! இன்று மதியம் போனில் உன் குரலே வேறு மாதிரி இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "சீட்டு ஒட்டினது நீ. மிஷின்ல ஒரு தடவ வெச்சுப் பாக்காம விட்டது நான். முதல் நாளே பார்த்திருக்கணும்" என்றாராம். அப்புறம், லேபில் இருக்கிற எல்லாப் பாட்டிலையும் மிஷினில் வைத்துச் சரிபார்க்க ஆள் போட்டிருக்கிறார். "வாசனை தெரியலன்னா பக்கத்துல இருக்கறவங்களக் கேளு. கேக்கறதுக்கு வெக்கம் எதுக்கு?" என்றாராம். நல்ல மனுஷன். அவர் இங்கே மலைக்கு வந்தால் வீட்டுக்குக் கூட்டி வா. சைவமாக இருந்தாலும் ஏதாவது செய்து போடுவேன்.

நீ ஜெயித்துவிட்டாய். பதினொன்றாவது படி ஏறிவிட்டாய், நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை வந்திருக்கிறதாம். அதைப் பக்கத்துக் கட்டடத்தில் கிருமி வளர்க்கிறவர்களிடம் கொடுத்திருக்கிறாய். ஒரு வட்டத் தட்டில் கிருமி பாலாடை மாதிரி படர்ந்திருக்கும், மருந்தை ஒரு சொட்டு வைத்தால், மருந்து வேலை செய்கிற இடத்தில் அந்தச் சொட்டைச் சுற்றி வளையமாகத் தெளிந்துவிடும் என்றாய். பத்து மாதமாக அந்த வளையம் ஒருமுறை கூட வந்ததில்லை. இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். அம்மா தொழுகை விரிப்பில் இருந்து எழவே மாட்டேன் என்கிறாள். நான் ஒரு கல்யாணத்துக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் இரண்டு முறை ருசி பார்த்தேன். வாழ்க்கையில் இப்படி ஆனதில்லை.

காலையில் உன் செய்தி வந்தது. போன் சிணுங்கியதும் அம்மா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நானே படித்தேன். 'அத்தா, வளையம் வந்துடுச்சு.' மூன்று சொல். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். ஒருவேளை பொய்யாக இருக்குமோ என்று படத்தையும் பார்த்தேன்! தட்டில் இரண்டு சொட்டு. ஒன்றைச் சுற்றி நிலா மாதிரி சுத்தமான வளையம். இன்னொன்றைச் சுற்றி ஒன்றும் இல்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். "மொதல்ல சட்டையப் போடுங்க!" என்று அம்மா பின்னால் கத்தினாள். மாமாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "எந்தக் கை ஜெயிச்சுது?" என்றார். "ஷாஜீரா!" என்றேன். "அப்ப நான் அன்னிக்கு சொன்னது சரிதான்" என்கிறார், எதைச் சரி என்கிறார் என்று அவருக்கே தெரியாது.

வளையம் வராத அந்த இரண்டாவது சொட்டு என்ன என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. அது பத்து மாதம் நீ தப்பாகச் செய்த பொடி. நீ அதைக் குப்பையில் கொட்டப் போனாயாம், சார் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். "நாம சொல்றத யாரும் சும்மா நம்ப மாட்டாங்க. ரெண்டு கையையும் செஞ்சு, ரெண்டையும் ஒரே தட்டுல பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டணும். இல்லேன்னா அடுத்து நீ இன்னும் ஒரு வருஷம் உக்காந்து இந்த இன்னொரு கையச் செய்ய வேண்டியிருக்கும். நீ ஏற்கெனவே செஞ்சு வெச்சுட்டியே!" என்றாராம். நீ வீணாகப் போனது என்று அழுத அத்தனை மாதமும் உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் பாதியாக நிற்கப் போகிறது. யோசித்து யோசித்துச் சிரிக்கிறேன், நசீமா. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வருகிறது, காகிதத்தில் ஓரிடம் கலைந்திருந்தால் அதுதான் காரணம்.

உறையின் மேல் உன் விலாசத்தை நானே எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நீ வருகிறாய் என்று சொன்னாள். வா. உனக்குப் பிரியாணி செய்கிறேன். சாப்பிட்டுவிட்டு "சூப்பர்" என்று சொல்லாதே. "ஒண்ணும் தெரியல அத்தா" என்று சொல். நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூடியைத் திறந்ததும் முதலில் எது மணக்கிறது, அடியில் எது இருக்கிறது, எது கொஞ்சம் கருகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

உன் அத்தா